காலிக் கூண்டு

தண்ணீருக்குள் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. இப்படிச் சொன்னால் பெரிய உத்தியோகம் போலத் தோன்றும். ஒரு மீட்டர், நீளமான ஒயர், பன்னிரண்டு பாட்டில் வைத்த ஒரு பெட்டி, நான்கு பக்கப் படிவம், அவ்வளவுதான். ஒயரை ஏரிக்குள் இறக்குவேன், எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன். படிவம் அலுவலகத்துக்குப் போகும். மூன்று வாரம் கழித்து அறிக்கை வரும். அதற்குள் மீன் விற்றோ செத்தோ போயிருக்கும். யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று படிவத்தின் அடியில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். இருபத்தோரு வருடமாக அந்த வரிக்குக் கட்டுப்பட்டு நடந்தவன் நான். மீறியது ஒரே ஒரு ஏரியில்.

பெரிய ஏரி. வடக்கு மூலையில் ஆறு வந்து விழுகிறது. தெற்கே கரை உள்வாங்கி ஒரு குடா மாதிரி இருக்கும், அங்கே அலையே அடிக்காது. ஏரி முழுக்க மிதக்கும் கூண்டுகள். நாலு பக்கமும் பிளாஸ்டிக் டிரம், மேலே நடக்கப் பலகை, கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குத் தொங்கும் வலை. அந்த வலைக்குள் மீன் பிறக்காது, வளர மட்டும் செய்யும். விரல் நீளத்தில் விட்டால் பத்து மாதத்தில் முழங்கை நீளத்துக்கு வந்துவிடும்.

தெற்குக் குடாவில் மூத்தவருக்கு மூன்று கூண்டு. ஆற்று வாயில் அவர் தம்பிக்கு ஐந்து கூண்டு. அப்பா பாகம் பிரித்தபோது அலை இல்லாத இடம் வேண்டும் என்று மூத்தவர் அடம்பிடித்து வாங்கியது அந்தக் குடா. ஓடுகிற தண்ணீர் வலையைக் கிழிக்கும் என்று எல்லோரும் ஒதுக்கிய ஆற்று வாய் சின்னவருக்குக் கிடைத்தது. ஓடுகிற தண்ணீரில்தான் மூச்சு இருக்கிறது என்பது அன்றைக்கு அந்த அப்பாவுக்கும் தெரியவில்லை, மகன்களுக்கும் தெரியவில்லை.

மூத்தவர் போன குளிர்காலத்தில் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டில்தான். கையில் ஒரு பைனாகுலர். கூண்டு வேலை முழுவதும் அவர் மனைவியின் தலையில் விழுந்தது. சின்னவர் அவளை அண்ணி என்று கூப்பிடுவதால் ஏரிக்கரை முழுக்க அவள் அண்ணிதான். என்னைவிடப் பத்து வயது இளையவள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

வருடத்தில் இரண்டு தடவை மூன்று நாள் அங்கேயே தங்கி, காலை மாலை என்று மாறிமாறி அளவெடுக்க வேண்டும். தங்குவது சின்னவர் வீட்டு மாடி அறையில். சாப்பாடும் அவர் வீட்டில்தான். போகவர அவருடைய இன்ஜின் படகு. வாடகை கேட்கமாட்டார். "நம்ம சார்கிட்டயா?" என்பார். நாக்கில் தேன் தடவிப் பேசுகிற மனிதர்.

அந்த முறை நான் போய் இறங்கியபோது ஐந்து நாளாக வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. வானம் மூடிக் கிடந்தது. தண்ணீர் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் பச்சை. கரையில் ஒரே கூட்டம், சிரிப்பு. நகக்கண் அளவு சின்ன இறால்கள் லட்சக்கணக்கில் கரையோரம் வந்து, ஈர மணலில் ஏறி, துடித்துக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு வாளியோடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணி இரண்டு வாளி நிறைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, இன்னிக்கு விருந்தா?"

"எங்களுக்கு இல்ல சார், மீனுக்கு. வலை வேணாம், தூண்டில் வேணாம். தானா வந்து நிக்குது பாருங்க."

"ஏன் வந்து நிக்குதுன்னு யோசிச்சீங்களா?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளிய எதுக்கு வந்தேன்னா கேப்பாங்க? நல்லா இருக்கே உங்க நியாயம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நாணல் தண்டுகளில் நத்தைகள் ஒரு முழ உயரத்துக்கு ஏறி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. அடியில் வாழ்கிற ஜீவன்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மேலே வருகின்றன என்றால், அடியில் மூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவளோடு படகில் போனேன். கூண்டை நெருங்கியதும் அவள் ஒரு தகர டப்பாவை எடுத்துத் துடுப்புக் கட்டையால் தட்டினாள். டக்டக், டக். டக்டக், டக். அந்த ஏரியில் எல்லாக் கூண்டுக்காரர்களும் அப்படித்தான் தட்டுவார்கள், ஒரே தாளம். தட்டினால் தீனி என்று குஞ்சிலிருந்தே மீனுக்குப் பழக்கம். வலை முழுக்கக் கொதித்து மேலே வந்தது. இறாலை அள்ளி அள்ளி வீசினாள்.

"நல்லா தின்னுங்கடி, இன்னும் நாலு நாள்தான். எண்ணிட்டுப் போனதும் தூக்கிருவோம்."

எண்ணும் நாள் என்பது ஏரியின் கூண்டுக்காரர்கள் சங்கம் போட்ட சட்டம். வருடத்துக்கு ஒரு முறை தலைவரும் இன்னும் நாலு பேரும் படகில் சுற்றி வருவார்கள். அன்றைக்கு எந்தக் கூண்டில் வளர்ந்த மீன் இல்லையோ, அந்தக் கூண்டுக்கு ஏரியில் இடம் போய்விடும். காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அதைக் கொடுப்பார்கள். குஞ்சு விட்டு ஏமாற்ற முடியாது. இடம் போனால் திரும்ப வாங்க ஆயுசு போதாது.

ஒயரை இறக்கினேன். ஐந்துக்குக் கீழே போனாலே மீனுக்கு மூச்சு முட்டும். மேலே மூன்றரை. ஒரு ஆள் ஆழத்தில் ஒன்றரை. அடியில் ஒன்றுமே இல்லை.

"என்ன சார், மூஞ்சி இப்படிப் போகுது?"

"தண்ணி பச்சையா இருக்கில்ல, அது உயிருள்ள பாசி. வெயில் இருந்தா மூச்சு விட்டுக் குடுக்கும். வெயில் இல்லன்னா அதுவும் நம்ம மீனோட சேர்ந்து மூச்ச இழுக்கும். அடியில பத்து மாசத் தீனியும் கழிவும் அழுகிக் கெடக்கு. மேல ஒரு குளிர் மழையோ காத்தோ பட்டுச்சுன்னா, அடித்தண்ணி மேல வந்துரும்."

"ஏரி புரண்டுரும்ங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. வயித்துல தீனி இருக்கிற மீனுக்கு மூச்சு ரெண்டு மடங்கு வேணும். அவ்வளவுதான்."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "வீட்டுக்கு வந்து இத அவர்கிட்ட சொல்லுங்க சார். நான் சொன்னா எடுபடாது" என்றாள்.

மூத்தவர் பைனாகுலரை இறக்காமலேயே எங்களை வரவேற்றார்.

"ஒரு வாளிதான் போட்ட. இன்னொண்ணு எங்க?"

"சார் வேணாம்ங்கறாரு. தண்ணி சரியில்லயாம்."

"சார் தண்ணி பாக்க வந்தவரு. மீன் நம்மளது." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "தப்பா நெனக்காதீங்க சார். முப்பது வருஷமா இந்தக் குடாவுல மீன் வளக்கறேன். இவ எட்டு மாசமா வளக்கறா. எண்ணறதுக்கு முன்னாடி எடை ஏத்தணும். ஏய், நின்னுக்கிட்டிருக்க? போ, அந்த வாளியையும் போட்டுட்டு வா."

"என்னங்க, நத்தையெல்லாம் மேல ஏறியிருக்கு."

"நத்தை ஏறினா நீயும் ஏறிக்கோ. போன்னா போ."

அவள் எனக்கு டீ கொடுத்தாள், பிறகு போனாள். ஜன்னல் வழியே இரண்டாவது வாளியையும் அவள் வீசுவதைப் பார்த்து மூத்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் மாலை தூறல் விழுந்தது. குளிர்ந்த தூறல். வெளிச்சம் மங்கும்முன்பே சின்னவரும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி ஈரத்தோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"தம்பி, படகைக் கொண்டாந்து எங்க கூண்ட இழுத்து ஆத்து வாய்ல கட்டிக் குடுங்க. ரெண்டே நாளைக்கு."

"மூணு கூண்டையா? இருட்டப்போகுது அண்ணி. இழுக்கறப்ப வலை அறுந்தா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பு. அண்ணன் என்னைக் கேப்பாரே." வாயிலிருந்த முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "அங்க கட்டினா என் மீனுக்கு வர்ற தண்ணியை உங்க மீன் குடிச்சிரும். சாரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"சரி, இழுக்க வேணாம். உங்க அஞ்சாவது கூண்டு காலியாத்தான கெடக்கு? பாதி மீனையாவது அதுல விட்டுக்கறேன். தண்ணி சரியானதும் எடுத்துட்டுப் போயிருவேன்."

அந்தக் கூண்டின் மீனை நல்ல விலை வந்தது என்று சின்னவர் முன்கூட்டியே தூக்கி விற்றிருந்தார். எண்ணும் நாளுக்குள் எங்கிருந்தாவது வளர்ந்த மீன் வாங்கி நிரப்ப வேண்டும் என்று இரண்டு நாளாக அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"அது வலை கிழிஞ்சு கெடக்கு அண்ணி. விட்டா அத்தனையும் வெளிய போயிரும். காலையில பாத்துக்கலாம், போங்க. நனையாதீங்க."

அன்று காலையில்தான் அந்தக் கூண்டின் ஓரம் நின்று அளவெடுத்திருந்தேன். வலையில் ஒரு கண்கூடக் கிழியவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அவர் எனக்கு இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தார்.

விடியற்காலை ஐந்தரைக்கு நாற்றம்தான் என்னை எழுப்பியது. அழுகிய முட்டை நாற்றம். ஜன்னலைத் திறந்தால் ஏரி பச்சையாக இல்லை, டீத்தூள் கொட்டின நிறத்தில் இருந்தது. தெற்கே அண்ணியின் குரல் கேட்டது. யாரையோ கூப்பிடுவதுபோல் இல்லை, வெறும் கத்தல். கரையிலிருந்த ஒரு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று கூண்டிலும் மீன்கள் தண்ணீரின் மேல்தோலில் வாயை வைத்துப் பிளந்து மூடிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான வாய்கள். சப்புச் சப்பென்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. அண்ணி பலகையில் மண்டிபோட்டு வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், காற்று கலக்கட்டும் என்று. எப்போதிலிருந்து ஊற்றுகிறாளோ.

மீட்டர் புள்ளி ஆறு காட்டியது.

"எவ்வளவு நேரம் தாங்கும் சார்?"

"ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு."

"என்ன செய்யறது? சொல்லுங்க. எழுதிட்டு நிக்காதீங்க, சொல்லுங்க!"

சொன்னேன். "வலைய அறுத்து விடுங்க. வெளிய போனா ஆத்துப் பக்கம் தானா தேடிப் போகும். பாதியாவது பொழைக்கும். பொழைச்சா டப்பா தட்டி மறுபடி கூப்பிட்டுக்கலாம்."

ஒரு நிமிடம்தான் யோசித்தாள். கத்தியை எடுத்து மூன்று வலைகளையும் பக்கவாட்டில் கிழித்தாள். எட்டு மாதம் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய வலை. கிழித்த பிறகும் மீன் போகவில்லை. வாசல் திறந்திருப்பது அவற்றுக்குப் புரியவில்லை, அதே இடத்தில் வட்டமடித்தன. "போங்கடி, போய்த் தொலைங்கடி" என்று அழுதபடி துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினாள். இரண்டாவது வாளி இறாலைத் தின்ற கூண்டில் ஏற்கெனவே வெள்ளை வயிறுகள் மிதந்தன. மற்ற இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரிய நிழல் பிரிந்து வடக்கே நகர்ந்தது. வேலையில் சேர்ந்து அத்தனை வருடத்தில் என் எண்ணால் பிழைத்த உயிர்களை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நிழலின் பின்னால் மெதுவாகத் துடுப்புப் போட்டோம். ஏரி நடுவைத் தாண்டியதும் நாற்றம் குறைந்தது. ஆற்று வாயை நெருங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக்டக், டக். டக்டக், டக்.

சின்னவர் ஐந்தாவது கூண்டின் பலகையில் குந்தி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். வலையின் ஒரு பக்கத்தைத் தண்ணீருக்கடியில் இறக்கி விட்டிருந்தார். ஓரத்தில் தீனி மூட்டை பிரித்து வைத்திருந்தது. அண்ணியின் மீன் பத்து மாதப் பழக்கத்தோடு சத்தத்தைக் கேட்டு வரிசையாக உள்ளே போனது. அந்த நிழல் முழுவதும் உள்ளே போனதும் கயிற்றை இழுத்து வலையைத் தூக்கிக் கட்டினார். எல்லாம் பத்து நிமிடம் இருக்கும், நாங்கள் துடுப்புப் போட்டு நெருங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"தம்பி, அது எங்க மீன்!"

"எது அண்ணி?"

"இப்ப உள்ள போனது. நாங்க தொறந்து விட்டது. சார் கூட இருந்தாரு."

"தொறந்து விட்டீங்கல்ல? ஏரியில நீஞ்சற மீன் ஏரி மீனு. நான் என் கூண்டுல என் டப்பாவத் தட்டினேன்."

"நேத்து வலை கிழிஞ்சிருக்குன்னீங்க!"

"தைச்சிட்டேன்."

அவள் கூண்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்து நின்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்து விட்டார். கோபமே இல்லாமல், அது ஒரு வேலை என்பதுபோல் நிதானமாகப் பிரித்தார். "கை அறுத்துக்கப்போகுது அண்ணி" என்றார்.

மத்தியானத்துக்குள் தெற்குக் குடா வெள்ளையாகிவிட்டது. காக்கையும் நாயும் வந்தன. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளிக் குழியில் கொட்டியது அண்ணி ஒருத்திதான். இறாலை அள்ள வந்த கூட்டத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூத்தவர் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். நான் போய் நின்றபோது பைனாகுலர் மடியில் கிடந்தது.

"யாரக் கேட்டு அறுத்த?" என்றார் அவளிடம்.

"அறுக்கலன்னா எல்லாம் செத்திருக்கும்."

"செத்தா செத்த மீனாவது என்னோடது. இப்ப அதுவும் இல்ல."

"உங்க தம்பி தட்டித் தட்டி இழுத்தத நீங்களும்தான பாத்தீங்க?"

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைக் கழிவறைக்குத் தூக்கிப் போக, ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க, ஏரிக்கரையில் சின்னவரை விட்டால் ஆள் கிடையாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

மீன் செத்த கணக்கு எழுத நான் கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. எண்ணும் நாளன்று அண்ணி சங்கத்தில் முறையிட்டாள். பழைய ஐஸ் கிடங்குதான் சங்கக் கட்டடம். சுவரெல்லாம் ஈரம், நாலு பெஞ்சு. சின்னவர் தன் அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார், இடுப்புக்கு ஒரு தலையணையும் வைத்தார். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியிருக்கும்.

தலைவர் மூத்தவரைக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"தம்பி அப்படியெல்லாம் செய்யமாட்டான்."

அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

"தண்ணி சார் என்கூட இருந்தாரு. அறுக்கச் சொன்னதே அவருதான். அவரக் கேளுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா சார் அறுக்கச் சொன்னீங்க? உங்க ஆபீஸ் சட்டப்படி அப்படிச் சொல்லலாமா?"

பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. படிவத்தின் அடியில் இருக்கிற அந்த ஒரு வரி கண்முன்னே நின்றது. சின்னவர் என்னை முறைக்கக்கூட இல்லை, அன்பாகத்தான் பார்த்தார்.

"நான் தண்ணியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். "மீனைக் கவனிக்கல."

தலைவர் பேனாவை மூடினார். மூத்தவருக்கு மூன்று கூண்டும் காலி, மூன்று இடமும் போயிற்று. சின்னவருக்கு ஐந்தும் நிறைவு. போன மூன்று இடத்தில் ஒன்று, குடும்பத்தை உத்தேசித்து, சின்னவருக்கே கிடைத்தது. எல்லோரும் எழுந்தார்கள். அண்ணி என்னைக் கடந்துதான் வெளியே போனாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெளியே அவள் செருப்பை மாட்டுகிற சத்தம்தான் கேட்டது.

பத்து நாள் கழித்து மறு அளவெடுக்கப் போக வேண்டியிருந்தது. அன்று ஐந்தாவது கூண்டில் மீன் தூக்குகிறார்கள். வெயில் நன்றாக அடித்தது, தண்ணீரும் தெளிந்திருந்தது. கூலிக்கு ஆள் எடுத்திருந்தார்கள், அதில் அண்ணியும் ஒருத்தி. மேலே இழுத்துக் கட்டிய வலைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவலையால் அள்ளி அள்ளி மேலே கொடுத்தாள். அவளைவிடச் சுத்தமாக அந்த வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. ஒரு மீனுக்குக்கூடச் செதில் பெயரவில்லை.

"அண்ணியக் கைவிட முடியுமா சார்?" என்றார் சின்னவர் என் காதருகே. "நம்ம ரத்தம் இல்லயா?"

வேலை முடிந்ததும் கூலியாட்களுக்கு ஆளுக்கு இரண்டு மீன் கொடுப்பது வழக்கம். சின்னவர் இருப்பதிலேயே பெரியதாக இரண்டைப் பொறுக்கி எல்லோர் முன்னாலும் அண்ணியிடம் நீட்டினார். "அண்ணனுக்கு வறுத்துக் குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். பலகைமேல் நடந்து நேராக என்னிடம் வந்தாள். என் பெட்டி திறந்திருந்தது. பாட்டில்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, இரண்டு மீனையும் உள்ளே வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க சார். எங்க வீட்டு மீனு."

வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சின்னவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "யார் வீட்டு மீனு? சார், நீங்களே சொல்லுங்க."

அண்ணி நகராமல் நின்றாள். ஈரக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. அவளுக்கு இனி இடமும் வராது, மீனும் வராது. நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையைத் தவிர அவளுக்கு வர வேண்டியது எதுவுமே பாக்கியில்லை.

நான் குனிந்து பெட்டியின் மூடியை அழுத்தி மூடினேன். உள்ளே இரண்டும் இன்னும் உயிரோடு பாட்டில்களில் அடித்துக்கொண்டிருந்தன.